யார் வந்தாங்களோ அவங்களோட

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி ஐந்து பேரை ஒரு மொட்டை மாடியில் உட்கார வைக்க உங்களால் முடியுமா? உங்கள் வீடு மாம்பலத்திலோ அண்ணா நகரிலோ இருந்தால் முடியலாம். என் வீடு திருவொற்றியூரில். என் கூட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒருத்தர் மணலியில் ஆலை வேலை, மூணு ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு பெண், ராயபுரத்துக்காரர், அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி சார்ட் ஒட்டின பிறகுதான் எந்த ஞாயிறு அவருடையது என்று அவருக்கே தெரியும். ஒருத்தர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங். கப்பல் வந்தால் அவர் வரமாட்டார். ஒரு காலேஜ் பையன், பரீட்சை வந்தால் காணாமல் போய்விடுவான். அப்புறம் எண்ணூர் குப்பத்துத் தம்பி ஒருவன். ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறவன்.

இத்தனை பேரும் நோட்டும் பேனாவுமாய் மாடி ஏறுவதைப் பார்த்துவிட்டு, 'சீட்டு நடத்துறீங்களா?' என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். கதை நடத்துகிறேன் என்று சொன்னால் நம்புவாரா?

1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்தார்கள். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதி. தாயம், பரமபதம் மாதிரி கட்டமும் காயும் இதற்குக் கட்டாயமில்லை. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். 'எதிரே பூட்டின கதவு. என்ன செய்றீங்க?' என்பார். 'உடைக்கிறேன்' என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும். சின்ன எண் விழுந்தால் உங்கள் தோள் உடையும். பாத்திரத்துக்கு ஒரு தாள் உண்டு. பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, மூட்டையில் என்ன இருக்கிறது, எல்லாம் அதில். கதை வாரா வாரம் தொடரும், சில இடங்களில் வருஷக்கணக்கில். கதை சொல்கிறவருக்கு அங்கே டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். நான் நடத்துநர் என்று வைத்துக்கொண்டேன். பஸ் நடத்துநரும் நானும் ஒன்றுதான். யார் ஏறுவார்கள், எங்கே இறங்கிவிடுவார்கள் என்பது இரண்டு பேர் கையிலும் இல்லை.

டிராகன் நமக்கு எதற்கு? பக்கத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி, துணியோடு மனுஷர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். அதுதான் என் கதைக்களம். கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் (இது என் கற்பனை, போய்த் தோண்டாதீர்கள்). பிடிபட்ட ஜனங்களை மீட்கக் கிளம்புகிறது ஒரு கூட்டம். ஒரு வைத்தியச்சி, ஒரு பூட்டுத் திறக்கிறவன், ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு சிலம்பக்காரன். எண்ணூர்த் தம்பியின் பாத்திரம் தோணிக்காரன். விளக்கு அவன் கையில்.

2022 பொங்கல் கழிந்து ஆரம்பித்தோம். முதல் இரண்டு வாரம் ஐந்து பேரும் வந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து பேரைச் சேர்ந்தாற்போல் நான் பார்த்தது அபூர்வம்.

கஷ்டம் என்ன தெரியுமா? போன வாரம் சுரங்கத்தின் பாதியில் நிறுத்தியிருக்கிறோம். இந்த வாரம் விளக்குப் பிடிக்கிறவன் வரவில்லை. அப்படியானால் விளக்கு எங்கே? ஆவியாகிவிட்டதா? முதலில் 'அவனுக்குக் காய்ச்சல்' என்று சமாளித்தேன். அப்புறம் 'ஓரமா தூங்கறான்' என்றேன். ஒரு கட்டத்தில் இருக்கிற இரண்டு பேர், தூங்குகிற மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு வாள் சண்டை போட்டார்கள். சிரிக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து வரைபடம் போட்ட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நோட்டு வாங்கி அட்டெண்டன்ஸ் போட ஆரம்பித்தேன். எல்லாருக்கும் வயது முப்பதுக்கு மேல், அந்தக் காலேஜ் பையனைத் தவிர!

2023 டிசம்பரில் தோணிக்காரனுக்கு வரிசையாக ஆப்சென்ட் விழுந்தது. 3ஆம் தேதி மழை, யாருமே வரவில்லை, அதை விடுங்கள். 10 வரவில்லை. 17 வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. 24ஆம் தேதி சாயங்காலம் மூன்று பேர் இருந்தோம். ஆற்றைக் கடக்கிற காட்சி. 'இதோ பாருங்க, தோணிக்காரனை முதலை இழுத்துட்டுப் போயிடுச்சு' என்றேன். பகடைகூட உருட்டவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

31ஆம் தேதி அவன் வந்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். நாலாக மடித்த தோணிக்காரன் தாள் உள்ளே இருந்தது. படகில் போகும்போதும் வைத்திருப்பானாம், நனையாமல் இருக்க கவர். விரல் நகங்களின் ஓரமெல்லாம் கறுப்பு. தேய்த்தும் போகவில்லை என்றான்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படகு, வலை, கரை, அலையாத்திச் செடி எல்லாவற்றின் மேலும் தார் மாதிரி படிந்துவிட்டது. மீனவர்களே படகில் போய் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை மொண்டு பேரலில் ஊற்றினார்கள். அந்த வேலையில்தான் இருந்திருக்கிறான். அது ஓய்வதற்குள் 26ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

'திருவொற்றியூர்ல இருந்துக்கிட்டு இது உனக்குத் தெரியாதா?' என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். தினம் பேப்பரில் படித்தேன். டீக்கடையில் கோபமாகப் பேசினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஆப்சென்ட் போடும்போது, அந்த எண்ணெயும் இவனும் என் மண்டையில் ஒன்று சேரவே இல்லை. படித்தது நியூஸ். வராதது பொறுப்பில்லாத பையன்.

நர்ஸ்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முதலை துன்னுட்ச்சா? இன்னாண்ணா, நம்ம ஆத்துல ஏதுண்ணா முதலை?"

மறுபடி உயிரோடு கொண்டு வந்துவிடலாம், வைத்தியச்சி இருக்கிறாள், மூலிகை இருக்கிறது என்று நான் என்னென்னவோ உளறினேன். "வேணாண்ணா. செத்தது செத்ததுதான்" என்றான். டீ குடித்தான். அப்புறம் அவன் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தேன்.

"நீ காசிமேட்டு விசைப்படகு மாரி ஓட்டுறண்ணா. ஏறுனா பத்து நாளு கடல்லயே. கரையில நின்னவன் நடுவுல ஏற முடியாது. எங்க ஃபைபர் மாரி ஓட்டு. விடிகாலைல போறோம், வந்துடுறோம். யார் வந்தாங்களோ அவங்களோட. வராதவனுக்கு அன்னிக்குப் பங்கு கெடையாது. மறுநாள் வந்தா அவன் எடம் அவனுக்கு."

அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து கதை பழவேற்காட்டுச் சத்திரத்தில் தொடங்கும், ராத்திரி ஒன்பதுக்குள் சத்திரத்துக்கே திரும்பிவிடும். பாதி சுரங்கத்தில் யாரையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. வராதவர்கள் சத்திரத்தில் இருக்கிறார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பென் ராபின்ஸ் என்ற அமெரிக்கர் இதையே செய்து 2007ல் எழுதியும் இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர், ஊரிலிருந்து புறப்பட்டு அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டும், யார் வருகிறார்களோ அவர்களோடு. அதைவிட வேடிக்கை, 1974 புத்தகத்திலேயே ஒரு நடத்துநருக்கு நாலு பேர் முதல் ஐம்பது பேர் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஐம்பது பேரும் ஒரே நாளில் வருவார்கள் என்றா நினைத்திருப்பார்கள்? யாருடைய பாத்திரம் எந்தத் தேதியில் எங்கே இருக்கிறது என்று கணக்கு எழுதச் சொல்லி கைகாக்ஸ் பின்னாளில் அத்தனை வற்புறுத்தியதன் அர்த்தம் இப்போது புரிகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிளியரிங் நண்பருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. "முன்னாடி சீரியல் மாதிரி இருந்தது, இப்ப துணுக்கு மாதிரி இருக்கு" என்றார். நியாயம்தான். நான் ராத்திரி கண் விழித்துப் போட்ட அந்தப் பெரிய சுரங்கம் பாதியிலேயே கிடக்கிறது. ஆனால் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். காசிமேட்டு விசைப்படகில் போகும் ஒருவர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் ஒரு ஞாயிறு விடாமல் வருகிறார். மற்ற மாதங்களில் அவருடைய பாத்திரம் சத்திரத்துத் திண்ணையில் தூங்குகிறது. போன மாதம் நர்ஸ் மட்டும் வந்தார். நைட் டியூட்டி முடித்து வந்தவர், பத்து நிமிஷம் ஆடினார், அப்படியே பாயில் தூங்கிவிட்டார். வைத்தியச்சியும் அன்றைக்குத் தூங்கினாள் என்று எழுதிக்கொண்டேன்.

எண்ணூர்த் தம்பி புதுத் தாள் ஒன்று எழுதினான். தோணிக்காரனுக்குத் தம்பியாம். வருகிற ஞாயிறெல்லாம் அண்ணனைத் தின்ற முதலையைத் தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான். நான் இன்னும் அதைக் கண்ணில் காட்டவில்லை.