ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நேற்று எங்கள் தெருமுனைக் கடையில் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்தே கிடந்தது. ஆதார், பான், பாஸ்புக், யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட் என்று வரிசையாக ஊரார் ஃபைல்கள். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க யார் யாரோ கை வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து வாட்ஸ்அப் வெப். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஃபைலை இறக்கி, பிரவுசரை மூடினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. லாக் அவுட் செய்யாவிட்டால், நம் போன் அணைந்திருந்தாலும் அந்த இணைப்பு அங்கே அப்படியே இருக்கும். அடுத்து உட்காருகிறவர் நம் பேச்சையெல்லாம் படிக்கலாம்.

இனி இப்படிச் செய்யுங்கள்:

கடையில் இன்காக்னிட்டோ விண்டோவில் திறக்கச் சொல்லுங்கள். அந்த விண்டோக்களை எல்லாம் மூடியதும் லாகின் அழிந்துவிடும். ஆனால் இறக்கிய ஃபைல் அழியாது. அதை நாமே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யவேண்டும்.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை உடனே பாருங்கள். கடைக் கம்ப்யூட்டர் இருந்தால் லாக் அவுட் கொடுங்கள்.

ஆதார் நகல் கேட்டால், மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கும். முதல் 8 எண்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள்தான் போனையே கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.