மண்ணுக்கு மீண்ட நீர்

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே கிணற்று நீருண்டு வளர்ந்த நாம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஒறேஞ் கவுண்டியில் ஒரு குவளை நீரைக் கையிலேந்தித் தயங்கி நின்றோம். அது நகரக் கழிவுநீரிலிருந்து பெறப்பட்ட நீர்!

இங்கும் முன்னாளில் அளவின்றி இறைத்தமையாற் கடல்நீர் நிலத்துட் புகுந்தது. அதற்குப் பரிகாரமாகவே பவுண்டன் வாலி என்னும் ஊரில் 2008ஆம் ஆண்டு இந்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கழிவுநீரை நுண்ணிய வடிகளில் வடித்து, மிகுந்த அமுக்கத்துடன் மென்சவ்வுகளினூடே செலுத்தி, ஈற்றிற் கழியூதாக் கதிர்களாலும் ஐதரசன் பேரொட்சைட்டாலும் எஞ்சிய மாசினை அழிக்கின்றனர். 2023இல் விரிவாக்கப்பட்ட இந்நிலையம் நாளொன்றுக்கு 13 கோடி கலன் நீரைத் தூயதாக்க வல்லது. அந்நீரின் ஒரு பகுதி கடலோரக் கிணறுகள் வழியே நிலத்துள் இறக்கப்பட்டு உவர்நீருக்கு அணையாகின்றது. பெரும்பகுதி அனாகைம் நகரத்துக் குளங்களில் நின்று, மணலூடே ஊறி, நிலத்தடி நீரோடு கலக்கின்றது.

அருந்தினோம். எமது சுண்ணக்கற் கிணற்று நீரின் கனம் அதில் இல்லை, தெளிவு இருந்தது.

'இறைத்த கிணறு ஊறும்' என்று மாணவர்க்குப் பல்லாண்டாய்ச் சொல்லி வந்தோம். நிலத்திற்கு நீரூட்டாது இறைத்த கிணறு உவர்க்கும் என்பதையும் இனிச் சேர்த்தே சொல்வோம்.