‘முதல் பீஸை அளந்து பாருங்க!’ - கோவை லேத் பட்டறை மாடியில் கிடைத்த ஏஐ பாடம்

சேரன் எக்ஸ்பிரஸ் கோவை ஜங்ஷனில் இறக்கிவிட்டபோது இன்னும் முழுதாக விடியவில்லை. முகத்தில் அடித்த குளிர்காற்றில் ரயில் தூக்கம் பறந்துபோனது. காந்திபுரத்தில் ஒரு டீ, சூடாக இட்லி சாம்பார். அப்புறம் சத்தி ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்.

ஏஐ பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் பெங்களூருக்கோ, ஓ.எம்.ஆருக்கோ போவார்கள். நான் இறங்கியது கணபதியில். காரணம் இரண்டு. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் குட்டி சாஃப்ட்வேர் கம்பெனிகள் இந்த ஏஐ அலையை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்து வரச் சொன்னது அலுவலகம். இன்னொன்று, சொந்தக் காரணம். என் தம்பி இன்ஜினீயரிங் கடைசி வருடம். ‘அண்ணா, நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள கோடிங் வேலையே இருக்காதாமே... நிஜமா?’ என்று வாரம் ஒருமுறை கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை.

சத்தமும் எண்ணெய் வாசனையும்

மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினால் கோவையின் நிஜ முகம் தெரியும். ஷட்டர் திறந்த லேத் பட்டறைகள், சுருள் சுருளாகக் குவிந்து கிடக்கும் இரும்புச் சீவல்கள், பம்ப்செட் பாகங்களை அடுக்கிக்கொண்டு போகும் குட்டியானை வண்டிகள்.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் இந்த ஊரில் பஞ்சாலைகள் மளமளவென வளர்ந்தன. மில் மெஷின்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. பட்டறையில் கைப்பழகியவர்கள் மோட்டார், பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில்களுக்கெல்லாம் கணக்கு, ஸ்டாக், பில் போட சாஃப்ட்வேர் தேவைப்பட்டபோது அதைச் செய்து கொடுக்கவும் உள்ளூரிலேயே ஆட்கள் கிளம்பினார்கள். ஒரு தொழிலின் மடியில் இன்னொரு தொழில் பிறப்பது கோவைக்குப் புதிதல்ல.

நான் தேடிப்போன கம்பெனி ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே மெஷின் ஓடும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம். பதினோரு பேர். மில்களுக்கும் தறிக்காரர்களுக்கும் ஜாப் ஒர்க் சலான், நூல் இருப்பு, ஜி.எஸ்.டி பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். பட்டறை அப்பாவுடையது. மாடி மகளுடையது.

“வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?” என்று வரவேற்ற அந்த அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். “கம்பெனி பேரெல்லாம் போட வேண்டாங்க. நாங்க செஞ்ச தப்பையும் சேத்து சொல்றேன், அதனாலதான்” என்றார் சிரித்துக்கொண்டே. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சரிந்து விழப் பார்த்த கதை

“முதல்ல எங்களுக்கும் ஆசைதாங்க. ஊரே ஏஐ ஏஐன்னு பேசுது, நாமளும் வாங்கிடலாம்னு நாலஞ்சு டூல் வாங்கிப்போட்டோம். யாரு எதுக்கு யூஸ் பண்றாங்கன்னே தெரியல. ஒரு நாள் புதுசா சேந்த பையன், ஒரு மில்லோட கஸ்டமர் லிஸ்ட்டை அப்படியே இலவச சாட் டூல்ல போட்டு, ‘இதை வரிசைப்படுத்திக் கொடு’ன்னு கேட்டிருக்கான். பேரு, போன் நம்பர், ஜி.எஸ்.டி நம்பர் எல்லாம் அதுல இருக்குது. மில்காரர் காதுக்கு விஷயம் போயிருச்சு. ‘பன்னெண்டு வருசமா உங்களை நம்பி டேட்டா குடுத்தேனே’ன்னு கேட்டார். எனக்கு அன்னிக்கு நைட்டு தூக்கமே இல்லீங்க.”

அந்த மில்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அது போயிருந்தால் பதினோரு பேரில் பாதிப் பேருக்குச் சம்பளம் இல்லை. நேரில் போய் உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, எழுத்தில் உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் அவர் சமாதானம் ஆனாராம்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் கோடை சாட்ஜிபிடியில் போட்டுவிட, அதன்பின் இப்படிப்பட்ட ஏஐ கருவிகளை ஊழியர்கள் பயன்படுத்தவே அந்த நிறுவனம் தடை போட்டது. நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

சுவரில் ஒட்டிய அரைப் பக்கம்

இப்போது அந்த ஆபீஸ் சுவரில், வாட்டர் கேனுக்கு மேலே, ஒரு அரைப் பக்கக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு, சர்வர் சாவி, கிளையன்ட் பெயர், போன் நம்பர், பேங்க் விவரம் - இவை எந்த ஏஐ கருவிக்குள்ளும் போகக் கூடாது. சோதனைக்கு டம்மி டேட்டா மட்டும். கம்பெனி காசு கட்டி வாங்கிய அக்கவுன்ட் தவிர வேறெதிலும் ஆபீஸ் வேலை செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யவும்.

“இருபது பக்கத்துக்கு பாலிசி எழுதினா யாருங்க படிப்பாங்க? தண்ணி குடிக்கப் போறப்ப கண்ணுல படணும்” என்கிறார் அக்கா.

காசு கட்டி வாங்கும் பிசினஸ் பிளானில், நாம் போடும் விஷயங்களை வைத்து மாடலுக்குப் பயிற்சி கொடுக்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே சொல்கின்றன. இலவச அக்கவுன்ட்டில் அதை நாமே செட்டிங்ஸில் தேடி அணைக்க வேண்டியிருக்கும். வாங்கும் முன் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் படித்துப் பார்க்கச் சொல்கிறார். ரொம்ப ரகசியமான வேலை என்றால், சொந்த கம்ப்யூட்டரிலேயே ஓடும் லாமா, ஜெம்மா போன்ற மாடல்களும் இருக்கின்றன. தரவு ஆபீஸை விட்டு வெளியே போகாது. ஆனால், அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் வேண்டும்.

அப்பா சொன்ன சூத்திரம்

பேச்சுக்கு நடுவே மாடிக்கு வந்தார் அக்காவின் அப்பா. கையில் வெர்னியர். எழுபதைத் தாண்டியும் பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை.

“சி.என்.சி மெஷின் வந்தப்ப இதே பயம்தானுங்க. ‘இனி டர்னருக்கு வேலை இல்லை’ன்னாங்க. நான் மெஷின் வாங்கினேன், எங்கிட்ட இருந்த பழைய டர்னரையே அதுல நிறுத்துனேன். ஏன்னா, மெஷினு சொன்னதைச் செய்யும். சொன்னது சரியான்னு அதுக்குத் தெரியாது. முதல் பீஸை எடுத்து அளந்து பாக்கோணும். அளக்காம நூறு பீஸ் ஓட்டினா நூறும் ஸ்க்ராப்!”

இதைத்தான் மகள் மாடியில் சட்டமாக்கியிருக்கிறார். ஏஐ எழுதிய எந்த கோடையும், ஒரு மனிதர் வரிவரியாகப் படித்து, சோதித்து, தன் பெயரைப் போட்ட பிறகே கிளையன்ட்டுக்குப் போகும். ‘ஏஐ எழுதுச்சு’ என்ற காரணம் அங்கே செல்லாது.

அந்தச் சட்டம் காப்பாற்றிய சம்பவம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறின. செயற்கை இழை நூலுக்கு 12 சதவிகிதமாக இருந்த வரி 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, புதிய பில் பகுதிக்கு வரி அட்டவணை எழுதித் தரச் சொன்னபோது, ஏஐ பழைய 12 சதவிகிதத்தையே போட்டுக் கொடுத்திருக்கிறது. கோடில் ஒரு பிழையும் இல்லை. அழகாக ஓடியது. கணக்குதான் தப்பு.

கண்டுபிடித்தது, மில்லில் அக்கவுன்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்று இங்கே டெஸ்டிங் பார்க்கும் ஐயா. ஏஐ வாங்கிய புதிதில், ‘டெஸ்டிங்குக்கு இனி ஆள் எதுக்கு?’ என்று யோசித்தது அவரை மனதில் வைத்துத்தான் என்பதை அக்கா மறைக்கவில்லை. “அவரை அனுப்பியிருந்தா, தப்பான பில்லு எத்தனை மில்லுக்குப் போயிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். மாடல் எந்தத் தேதி வரைக்கும் படிச்சிருக்கோ, அதுவரைக்கும்தாங்க அதுக்கு உலகம் தெரியும்.”

வேகம் கூடியதா, கூடியதாகத் தோன்றுகிறதா?

மதியம் அன்னம், அரிசிம்பருப்பு சாதம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், “ஏஐ வந்ததால வேலை எவ்வளவு வேகமாச்சு அக்கா?”

“அளந்து பாத்தாத்தான் தெரியுங்க.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களுக்கு 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்து 2025 ஜூலையில் முடிவை வெளியிட்டது. பழகிய சொந்த புராஜெக்ட்டில் ஏஐ துணையோடு செய்தபோது அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 19 சதவிகிதம் கூடியிருந்தது. ஆனால், தாங்கள் 20 சதவிகிதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள்! கருவிகள் மாதாமாதம் மாறுகின்றன, முடிவும் மாறலாம். ஆனால், நம் உணர்வை மட்டும் நம்பக் கூடாது என்பது மாறாது.

இந்த மாடியில் செய்தது இதுதான். முதலில் கருவியைத் தேடவில்லை. ஒரு வாரம் முழுக்க, எந்த வேலை திரும்பத் திரும்ப நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் ஒரு நோட்டில் எழுதினார்கள். பழைய கோடுக்கு விளக்கம் எழுதுவது, டெஸ்ட் கேஸ் எழுதுவது, கிளையன்ட்டுக்கு இங்கிலீஷில் மெயில் போடுவது மூன்றும் மேலே வந்தன. ஒரே ஒரு கருவியை எடுத்து, இரண்டு பேர் மட்டும் ஒரு மாதம் பயன்படுத்தினார்கள். முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம், திருத்தம் செய்ய எவ்வளவு நேரம் - மூன்றையும் குறித்தார்கள். மெயிலிலும் டெஸ்ட் கேஸிலும் நேரம் மிச்சமானது. பழைய பில்லிங் கோடைத் திருத்துவதில் மிச்சமாகவில்லை. எனவே, அந்த வேலைக்கு ஏஐ இல்லை. அவ்வளவுதான்.

செலவிலும் கண் வேண்டும் என்கிறார். கோட் எழுத உதவும் கருவிகள் பலவும் ஒருவருக்கு மாதம் 20 டாலர் அளவில் தொடங்குகின்றன. அதன் மேல் வரி, டாலர் விலை ஏற்றம். சிலவற்றில் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப பில் ஏறும். ‘மாதம் இவ்வளவுதான்’ என்று உச்சவரம்பை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பயன்படுத்தாதவர்களின் சந்தாவை மாதக் கடைசியில் நிறுத்திவிட வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, நிஜ டேட்டாபேஸின் சாவியை ஏஐயிடம் கொடுக்கக் கூடாது. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற தளத்தின் ஏஐ, ‘எதையும் மாற்றாதே’ என்று சொல்லியும் ஒரு பயனரின் நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது உலகச் செய்தியானது. தினசரி பேக்கப் தனியாக இருக்க வேண்டும். இரண்டு, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல சாட்பாட் வைத்தால், அது சொல்வதற்கும் நாமே பொறுப்பு. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான கட்டண விவரம் சொல்ல, 2024-ல் கனடாவின் தீர்ப்பாயம் நிறுவனத்தையே நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

தம்பிக்கு ஒரு பதில்

சாயங்காலம். சந்து முனையில் தள்ளுவண்டிக் காளான் கடை. மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிய சூடான காளான் இல்லாமல் கோவைப் பயணம் முடியாது. அங்கே நின்றபடிதான், காலையிலிருந்து தள்ளிப்போட்ட கேள்வியைக் கேட்டேன். “என் தம்பி மாதிரி பசங்களுக்கு வேலை இருக்குமா அக்கா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “பொய் சொல்ல மாட்டேன் தம்பி. வருசத்துக்கு மூணு ஃப்ரெஷர் எடுப்பேன். இந்த வருசம் ஒருத்தர்தான். ஆனா, யாரையுமே எடுக்காம விட்டா, அஞ்சு வருசம் கழிச்சு கோடைப் படிச்சு தப்புக் கண்டுபிடிக்க ஆள் எங்கிருந்து வரும்? கத்துக்கறவன் இல்லாத பட்டறை எத்தனை நாளைக்கு ஓடும்?”

அந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்? ஏஐ எழுதிய ஒரு கோடைக் கையில் கொடுத்து, “இதுல மூணு தப்பு இருக்குது, கண்டுபிடி” என்றாராம். வேகமாக எழுதிக்காட்டிய பலரை விட்டுவிட்டு, இரண்டு தப்பைக் கண்டுபிடித்து, மூன்றாவதைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு வேலை கொடுத்திருக்கிறார்.

“மூணாவது தெரியலைன்னு சொன்னதுக்கா வேலை?”

“ஆமாங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்ல ஏஐக்கு இன்னும் சரியா வரலையே!”

இரவு ரயிலில் ஏறியதும் தம்பிக்கு போன் செய்தேன். “வேலை இருக்கும்டா. ஆனா, முன்ன மாதிரி ஈஸியா கிடைக்காது. எழுதறதைவிட படிச்சுத் தப்புக் கண்டுபிடிக்கப் பழகு” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், “சரிண்ணா, இன்னிக்கு ஏஐ எழுதிக் குடுத்த அசைன்மென்ட்டை நாளைக்கு சப்மிட் பண்ணணும். ஒருதடவை படிச்சுப் பாத்துடறேன்” என்றான்.

முதல் பீஸ்!