மூணு கட்டை டார்ச்

எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு அணில் ஏறியது.

சிரிக்காதீர்கள். 2021-ல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று பேச்சு வந்தபோது ஊரே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். அந்தப் பாவமோ என்னவோ, போன கோடையில் ஒரு வியாழக்கிழமை மாலை 4.10-க்குப் பட்டென்று ஒரு சத்தம். தெருவில் கரண்ட் போனது. அணிலும் போனது. கூடவே என் அப்பாவின் குரல், 52 நிமிடம், போனது.

விளக்கமாகச் சொல்கிறேன்.

என் வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது. உடனே ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். மகள் காலேஜில் சேர்ந்து லேப்டாப்புக்கு மாறியதும் அநாதையாகிப் போன பழைய டெஸ்க்டாப். ஷூ ரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. வருகிறவர்கள் அதன் மேல் ஹெல்மெட் வைக்கிறார்கள். உள்ளே ஓடுவது டெபியன் என்கிற லினக்ஸ். லினக்ஸ் 1991-ல் பிறந்தது, டெபியன் 1993-ல். இரண்டும் இலவசம். பி.காம். படித்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இத்தனை வருஷம் நான் எடுத்த பேட்டிகள், குடும்பப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் அதில்தான். ‘கிளவுடில் போட வேண்டியதுதானே?’ என்று கேட்பீர்கள். போடலாம். மாதாமாதம் வாடகை. நான் பல வருஷம் வாடகை வீட்டில் குடியிருந்தவன். குரல்களையாவது சொந்த வீட்டில் வைக்கலாமே என்று ஒரு ஆசை.

அப்பா திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 31 வருஷம் கணக்கெழுதியவர். 2022-ல் அவரை இரண்டு தடவை உட்கார வைத்துப் பேசச் சொல்லி ரெக்கார்டரில் பதிவு செய்தேன். இரண்டாவது பதிவில் ஃபேன் சத்தம் ஜாஸ்தி. அதை நீக்கிவிட்டு, அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அணில் ஏறியது.

கரண்ட் வந்ததும் பார்த்தேன். ஃபைலின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. அளவு என்ற இடத்தில் மட்டும் 0.

பேக்கப் இல்லையா? உண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும். இந்த ஃபைலை சர்வரில் ஏற்றியது திங்கட்கிழமை. ரெக்கார்டரில் இருந்ததை இடம் போதவில்லை என்று செவ்வாய்க்கிழமை நானே என் கையால் அழித்திருந்தேன்.

இது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்தது என் அக்கவுன்டன்சி பாடம்! இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸ் நகரத்தில் அச்சில் ஏற்றியவர் லூகா பச்சோலி என்கிற துறவி. எதையும் முதலில் குறிப்பேட்டில் எழுது, பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுது என்பது அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்-4 என்ற கோப்பு முறையும் இதைத்தான் செய்கிறது. வட்டில் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், ‘இதை மாற்றப் போகிறேன்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ஜர்னல்தான். நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழுந்ததும் குறிப்பேட்டைப் புரட்டி, விட்ட இடத்தைச் சரிசெய்கிறது.

அப்படியென்றால் என் ஃபைல் ஏன் போனது? வழக்கமான அமைப்பில் குறிப்பேட்டில் ஏறுவது கட்டமைப்பு விவரம் மட்டும். எந்தப் பெயர், எந்த அளவு, எந்த இடம். உள்ளே இருக்கும் சரக்கு ஏறாது. தவிர, நீங்கள் ‘சேமி’ என்றதுமே எல்லாம் வட்டுக்குப் போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் மெமரியில் காத்திருக்கும். அரை நிமிடம்கூட ஆகலாம். பழையதை அழித்தாகிவிட்டது, புதியது இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் கரண்ட் போனால், கணக்குப் புத்தகம் சரியாக இருக்கும், கல்லாவில் காசு இருக்காது.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். “இன்வெர்ட்டர்தான் இருக்கே சார், அதுலேர்ந்து ஒரு லைன் இழுத்துடலாம்” என்றார். தமிழ்நாட்டில் 2008-லிருந்து 2012 வரை பட்ட பாட்டில், வசதிப்பட்ட வீடுகளெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டன. எங்கள் வீட்டிலும் உண்டு. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கம்ப்யூட்டருக்கு இரண்டு சிக்கல். கரண்ட் நின்ற பிறகு அதன் எஸ்.எம்.பி.எஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது சுமார் 16 மில்லி செகண்டுதான். இன்வெர்ட்டர் அதற்குள் மாறியாக வேண்டும். பல மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதை யு.பி.எஸ். என்ற பக்கம் தள்ளினால் வேகமாக மாறும். எங்கள் வீட்டில் அது எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. இன்வெர்ட்டருக்குப் பேசத் தெரியாது. ‘தம்பி, பேட்டரி தீரப் போகிறது, மூட்டை கட்டு’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லாது. ஒரு நீண்ட மின்தடையில் அதுவும் ஒரு கட்டத்தில் பட்டென்று நிற்கும். அணில் செய்ததை மூன்று மணி நேரம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

ஆக, பேசத் தெரிந்த யு.பி.எஸ். வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

பெட்டி மேல் 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 360 வாட்ஸ். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குழம்ப வேண்டாம். வி.ஏ. என்பது கிராஸ் சம்பளம். வாட்ஸ் என்பது கைக்கு வருவது. நீங்கள் பார்க்க வேண்டியது கைக்கு வருவதை. என் சர்வர் தின்பது 40 வாட்ஸ், இன்டர்நெட் மோடம் 10. மொத்தம் 50. தாராளம்.

“இதுல யு.எஸ்.பி. இருக்கா?”

“இருக்கு சார். செல்போன் சார்ஜ் பண்ணிக்கலாம்.”

“அது இல்லீங்க. கம்ப்யூட்டரோட பேசறதுக்கு.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லை சார்.”

நான்காவது கடையில் கிடைத்தது. பிரின்டருக்குச் செருகுவோமே, அந்த மாதிரி சதுர வாய். நீங்கள் வாங்கப் போனால் அந்த வாயைப் பார்த்து வாங்குங்கள். நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ், சுருக்கமாக ‘நட்’, என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தெந்த மாடலோடு ஒத்துப்போகும் என்று அவர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் கிளம்பினால் மூன்று கடை மிச்சம்.

நட்டுக்குள் மூன்று பணியாளர்கள். ஒருவர் கேபிள் வழியாக யு.பி.எஸ்.ஸின் நாடி பார்ப்பவர். இரண்டாமவர் அதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர். மூன்றாமவர், சேதி கேட்டுக் கடையை மூடுகிறவர். மூன்று பேரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் மூன்று மணி நேரம், ‘யு.பி.எஸ்.ஸைத் தொட எனக்கு அனுமதி இல்லை’ என்று முதலாமவர் அடம்பிடித்தார். என்னென்னவோ செய்தேன். கடைசியில் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகியதும் வேலைக்கு வந்துவிட்டார். திரையில் ‘ஓ.எல்.’ என்று இரண்டு எழுத்து வந்தது. லைனில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு எழுத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது பி.காம். ரிசல்ட்டுக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அடுத்து சோதனை. யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். சுவரில் இருக்கும் ஸ்விட்சை மட்டும் அணையுங்கள். எர்த் அப்படியே இருக்கும். பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் 84. அதை 50-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். ஓடியது 41 நிமிடம். மாற்றத்தில் ஒரு பங்கு சேதாரம். தவிர, அவசரமாக உறிஞ்சினால் இந்த பேட்டரி கொடுப்பதும் குறையும். இரண்டு மூன்று வருஷத்தில் இன்னும் இளைத்துவிடும். அதனால் கடைசிச் சொட்டு வரை காத்திருக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் கரண்ட் வரவில்லையென்றால் மூடிவிடு என்று எழுதி வைத்தேன்.

ஸ்விட்சை அணைத்தேன். யு.பி.எஸ். கீக் கீக் என்றது. ஐந்தாவது நிமிடம் சர்வர் தானாகவே எல்லா ஃபைல்களையும் எழுதி முடித்து, மூடி, படுத்துக்கொண்டது. கைதட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். எழுந்திருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். சர்வர் தூங்கிவிட்டது, ஆனால் யு.பி.எஸ். இன்னும் கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. போனால்தானே வரும்? இதற்கு இரண்டு வேலை. சர்வர் மூடும்போது கடைசியாக, ‘நான் போன பிறகு நீயும் அணைந்துவிடு’ என்று யு.பி.எஸ்.ஸிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நட்டில் அதற்கு வழி இருக்கிறது. பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக எழுந்திரு என்று மாற்ற வேண்டும். இரண்டையும் செய்துவிட்டு மறுபடி ஸ்விட்சை அணைத்தேன்.

இந்த நேரத்தில்தான் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயது 78. காலையிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்னடா கத்துது?”

“கரண்ட் போனா ஒரு 40 நிமிஷம் தாங்கும்பா.”

“40 நிமிஷத்துல என்ன வேலை நடக்கும்?”

“வேலை நடக்கறதுக்கு இல்ல. ஒழுங்கா மூடறதுக்கு.”

அப்பா நிமிர்ந்தார். “மூணு கட்டை டார்ச்சு” என்றார்.

“என்னது?”

“கடையில என் மேஜை டிராயர்ல ஒரு மூணு கட்டை டார்ச் இருக்கும். வியாபாரத்துக்கு அதைத் தொடக் கூடாது. லைட்டு போச்சுன்னா, முதலாளி கை கல்லா மேல இருக்கும். நான் டார்ச்சை அடிச்சு, எழுதிக்கிட்டிருந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வெச்சுட்டு, பேரேட்டை மூடிடுவேன். அப்புறம்தான் பெட்ரோமாக்ஸ். லைட்டு வந்ததும் புள்ளியிலேர்ந்து எழுதுவேன்.”

செல்போனை எடுத்து ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. 1977 நவம்பரில் திருச்சியில் வந்த வெள்ளத்துக்குப் போனார். நான் பறிகொடுத்த 52 நிமிடத்தில் இருந்தது அந்தக் கதைதான். ராத்திரியில் கடைக்கிடங்குக்குள் தண்ணீர் வருகிறது. எல்லோரும் பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார்கள். அப்பா மட்டும் பேரேடுகளைத் தூக்குகிறார். முதலாளி, ‘அறிவிருக்காய்யா, காகிதத்தைத் தூக்குறே?’ என்று கத்துகிறார்.

“துணி போனா திருப்பி வாங்கலாம்டா. யாரு எவ்வளவு தரணுங்கறது போச்சுன்னா கடையே போச்சு. வெள்ளம் வடிஞ்சப்புறம் அந்த நோட்டை வெச்சுத்தான் பாக்கியை வசூல் பண்ணிக் கடையைத் திறந்தோம். ஒன்பது பேரேடு. ஒத்தை ஆளாத் தூக்கினேன்.”

“போன தடவை ஏழுன்னு சொன்ன மாதிரி இருக்கேப்பா?”

“ஏழா? இருக்கலாம்.” கொஞ்சம் யோசித்தார். “நீதான் ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கியே. போட்டுப் பாரேன்.”

நான் பேசவில்லை. யு.பி.எஸ். கீக் கீக் என்றது. பிறகு சொன்னேன். அணில், ஃபேன் சத்தம், செவ்வாய்க்கிழமை, பூஜ்யம், எல்லாவற்றையும்.

அப்பா திட்டுவார் என்று பார்த்தேன். “புள்ளி வெச்சிருக்கணும்டா” என்றார், அவ்வளவுதான். அதற்குள் சர்வர் படுத்துக்கொண்டது. யு.பி.எஸ்.ஸும் அணைந்தது. ஸ்விட்சைப் போட்டேன். அரை நிமிடத்தில் ஷூ ரேக் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. “ம்” என்று எழுந்து காபி குடிக்கப் போனார்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யு.பி.எஸ். வேறு, பேக்கப் வேறு. டார்ச் இருந்தால் வெள்ளம் வராமல் போகாது. இப்போது அப்பாவின் குரல் தினமும் ராத்திரி ஒரு வெளி டிஸ்க்குக்குப் போகிறது. மாதம் ஒரு தடவை இன்னொரு டிஸ்க் கோயமுத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய் வருகிறது. புதிய பதிவில் கீக் கீக் சத்தம் முழுக்க இருக்கிறது. நீக்கவில்லை. பழையதன் மேல் எதையும் சேமிப்பதில்லை என்று ஒரு முடிவு.

ஏழா, ஒன்பதா? சரிபார்க்க மூலப் பதிவு இல்லை. டிரையல் பேலன்ஸ் இடித்தால், வித்தியாசத்தை என்ன செய்ய வேண்டும் என்று பி.காமில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு பேரேடு. அனாமத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.