அப்பாவின் காரும் கான்டிச் சிவப்பும்

2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாலை, பத்திரிகையின் பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து அண்ணரின் செய்தி கைத்தொலைபேசியில் வந்து விழுந்தது. "அப்பான்ர காருக்குக் கண்டிப் பெயின்ற் அடிக்க வேணும். காசு நான் அனுப்புறன். நல்ல ஆளாப் பிடி."

கண்டியில் அப்படியொரு பெயின்ற் செய்கிறார்களா என்று பக்கத்து மேசையில் இருந்த இளம் நிருபரிடம் கேட்டேன். அவர் மோட்டார் வாகனப் பைத்தியம். சிரித்த சிரிப்பில் என் தேநீரும் சிந்திற்று. அது மலைநாட்டுக் கண்டி அல்லவாம். 'கான்டி', அதாவது ஆங்கிலேயரின் மிட்டாய். நமது கற்கண்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் வேர் உறவு உண்டு என்பது வேறு கதை. அப்பிள் பழத்தைக் குச்சியில் குத்திச் சிவந்த சீனிப்பாகில் தோய்த்தெடுத்து மேலைநாட்டுச் சந்தைகளில் விற்பார்கள். பாகு கண்ணாடி போல் இறுகி நிற்க, உள்ளே பழம் தெரியும். அந்தத் தோற்றத்தைக் காருக்குக் கொடுக்கிற வித்தைதான் கான்டிப் பெயின்ற். கலிபோர்னியாவில் கார்களை உருமாற்றிப் புகழ்பெற்ற ஜோ பெய்லன் என்பவரையே 'கான்டி அப்பிள்' சிவப்பின் தந்தை என்கிறார்கள். மழை இரவொன்றில் முன்னே சென்ற வாகனத்தின் பின்விளக்கு ஒளியைக் கண்டு, அந்தச் சிவப்பைத் தகட்டில் கொண்டுவர அவர் பல ஆண்டுகள் முயன்றதாகக் கதை சொல்லப்படுவதுண்டு. 2017 இல் அவர் காலமானார்.

அண்ணரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எனது பெறாமகளுக்கு ஜூலை முதல் வாரத்தில் யாழ்ப்பாணத்தில் திருமணம். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று சொல்லிவிட்டது. அதுவும், அங்கே கார்க் கண்காட்சியொன்றில் தான் பார்த்த அதே சிவப்பில்.

எனக்கு இதில் உடன்பாடில்லை என்பதை ஒளிக்கப் போவதில்லை. அப்பாவின் கார் ஒரு மொறிஸ் மைனர் 1000. நான்கு கதவு. நான் அறிந்த நாள் முதல் சாம்பல் நிறம். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தக் காரை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சில வார்த்தைகள். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான சிறு கார் அது. அதைப் பிறந்த நாடு கைவிட்ட பின்னரும் நாங்கள் கைவிடவில்லை. 1990 இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராதபோது, கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் நாற்றமும் சொல்ல முடியாது. ஆனால் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அப்பத்தாவையும் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார்தான் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தது. சனத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து போனதில் இடப்பக்க மட்காட் நசுங்கியது. திரும்பி வந்த பின் அப்பா அதைத் தானே தட்டி நிமிர்த்தி, யன்னலுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் பெயின்ரைத் தூரிகையால் பூசினார். அந்தத் தூரிகைக் கோடுகளை வெயில் சாய்ந்த நேரத்தில் பார்க்கலாம். அப்பா 2019 இல் இறந்தார். அதன் பிறகு கார் கொட்டிலில் நின்றது.

"அந்தக் கோடுகள் போய்விடுமே" என்று அண்ணருக்கு எழுத நினைத்தேன். எழுதவில்லை. 1986 இல் நாட்டை விட்டுப் போனவர் அவர். அந்தக் கோடுகளைப் பார்த்ததேயில்லை.

கொக்குவில் பக்கத்தில் ஓர் இளைஞர் இருப்பதாகச் சொன்னார்கள். டோஹாவில் எட்டு ஆண்டுகள், பணக்காரர்களின் வாகனங்களுக்கு நிறமடிக்கும் கராஜில் வேலை செய்து திரும்பியவர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு, "ஐயா, உங்களுக்கு இதில விருப்பமில்லைப் போல" என்றார். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் முகத்தைப் படித்துப் பிழைத்தவன் நான்.

உரஞ்சத் தொடங்கியதும் கார் தன் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தது. அப்பாவின் தூரிகைச் சாம்பலுக்குக் கீழே இன்னொரு சாம்பல். அதற்குக் கீழே ஒரு வெளிறிய பச்சை. அது யாருடைய காலம் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், கொம்பனி அடித்து அனுப்பிய நிறத்தின் தேமல் போன்ற எச்சங்கள். மரத்தின் வளையங்களைப் பார்ப்பது போல் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, தம்பி எல்லாவற்றையும் தகடு தெரியும்வரை உரஞ்சி எடுத்தார். நசுங்கிய மட்காட்டைத் தட்டி, பட்டி வைத்து, மீண்டும் மீண்டும் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததே அதிகம். கான்டிக்குக் கீழே ஒரு கீறல் இருந்தாலும் மேலே அது பூதக்கண்ணாடி வைத்தது போல் தெரியும் என்றார்.

இந்த இடத்தில் வேலையின் இயல்பைச் சொல்ல வேண்டும். சாதாரணப் பெயின்ற் மறைக்கிற பொருள். மூன்று தரம் அடித்தாலும் ஏழு தரம் அடித்தாலும் சிவப்பு சிவப்புத்தான். கான்டி எதையும் மறைக்காது. அது நிறமூட்டிய கண்ணாடி. முதலில் அலுமினியத் துகள் கலந்த வெள்ளி நிற அடித்தளம். சிலர் பொன் நிறம் வைப்பார்கள். அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர். வெயில் சிவப்பினூடாக இறங்கி, வெள்ளித் துகளில் பட்டு, மறுபடியும் அதே சிவப்பினூடாக வெளியே வருகிறது. இரண்டு தரம் வடிகட்டப்பட்ட ஒளி என்பதால்தான் அந்த ஆழம். அதனால்தான் ஆபத்தும். ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஒரு படி இருட்டாக்கும். ஓரிடத்தில் நான்கும் அடுத்த இடத்தில் ஐந்தும் விழுந்தால் இரண்டு நிறம். தொட்டுத் திருத்த இயலாது. தொட்ட இடம் இன்னும் இருண்டு போகும். 2012 இல் மஸ்டா கொம்பனி கொண்டுவந்த 'சோல் றெட்' சிவப்பும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். அந்தக் கார் ஒன்று இடிபட்டு வந்தால் நிறமடிப்பவர்கள் பெருமூச்சு விடுவதன் காரணம் இதுவே.

ஆகவே தம்பி முதலில் ஒரு தகட்டுத் துண்டை எடுத்தார். முழுவதும் வெள்ளி அடித்து, பகுதி பகுதியாக மறைத்து, ஒரு பூச்சு, இரண்டு பூச்சு என்று ஆறு படிகள் காட்டினார். முதலாவது, கழுவிய மாதுளை முத்து. ஆறாவது, காய்ந்த இரத்தம். படம் ரொறன்ரோ போயிற்று. பெறாமகள் ஐந்தாவதைத் தெரிந்தாள். முழுக் காருக்கும் போதுமான சிவப்பை ஒரே தடவையில் கலந்து வடித்து வைத்தார். இடையில் மீண்டும் கலந்தால் நிறம் மாறிவிடலாம்.

அடுத்த பிரச்சினை சோளகக் காற்று. ஜூன் மாதத்தில் அது வலிகாமத்துச் செம்மண் புழுதியை எங்கும் கொண்டு சேர்க்கும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் அடிப்பதென்று முடிவாயிற்று. சுவரெல்லாம் பொலித்தீன் கட்டி, தரையை நனைத்து, கொம்பிறசரில் தேங்கிய நீரை வடித்து, காரை ஒட்டும் துணியால் துடைத்தார். முகத்தில் உண்மையான வடிகட்டி பொருத்திய கவசம். இங்கே பலர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். கிளியருடன் கலக்கும் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேற் சுவாசப்பையைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்கும். நாற்பது வயதில் இருமி இருமி வேலையை விட்டவர்களை எனக்கே தெரியும்.

"ஐயா, நிண்டு பாக்கலாம். வாசலுக்கு வெளியில. ஆனா அடிக்கேக்க மட்டும் கதைக்காதையுங்கோ" என்றார்.

வெள்ளி முடிந்தது. சிவப்புத் தொடங்கிற்று. நான் எத்தனையோ தொழிலாளரைப் பேட்டி கண்டிருக்கிறேன். அப்படியொரு நடையைக் கண்டதில்லை. முன்விளக்கில் தொடங்கிப் பின்விளக்கு வரை, தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துப்பாக்கி. மணிக்கட்டு வளையாமல், வேகம் கூடாமல் குறையாமல், நின்று மூச்சு விடாமல் ஒரே நடை. அடுத்த நடை முந்தியதன் முக்கால் பங்கை மூடிக்கொண்டு போகும். கதவுக்குக் கதவு நிறுத்துவதில்லை. ஒரு சுற்று முடிந்தால் கால் மணி நேரம் காயவிட்டு அடுத்தது. கார் கண்ணுக்கு முன்னால் பழுத்துக்கொண்டு வந்தது.

இடப்பக்கத்துக்கு நான்காவது பூச்சு விழுந்துகொண்டிருந்தது. அல்லது ஐந்தாவதா? எனக்கு ஐயம் வந்துவிட்டது. முப்பது ஆண்டுப் பழக்கம், ஐயம் வந்தால் வாய் திறந்துவிடும். "தம்பி, இது எத்தினையாவது?"

அவர் கை ஒரு கணம் நின்றது. முன்கதவின் நடுவில். திரும்பி நான்கு விரல்களைக் காட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவ்வளவுதான். குழல்விளக்கின் கீழ் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஐந்தாவதும் விழுந்தது. கிளியரும் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் காரை வெளியே தள்ளினோம். எட்டு மணி வெயில். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தொண்டை அடைத்தது. மொறிஸ் மைனருக்கு இது பொருந்தாது என்ற என் எண்ணமெல்லாம் அந்த வெயிலில் கரைந்து போயிற்று. உருண்ட மட்காட் விளிம்புகளில் சிவப்பு இருண்டு, மேல்வளைவில் பொன்னாக எரிந்தது. நான் வாயைப் பிளந்து நிற்க, தம்பி மட்டும் இடப்பக்கம் போய்க் குந்தியிருந்தார். முன்கதவின் நடுவே உள்ளங்கை அகலத்தில் மேலிருந்து கீழாக ஒரு நிழல். கை நின்று தொடங்கிய இடத்தில் இரட்டைப் பூச்சு.

"ஆருக்கும் தெரியாது தம்பி. பூமாலையும் கட்டுவினம்" என்றேன்.

"பொம்பிளை ஏறுற பக்கம் ஐயா. படமெல்லாம் இந்தப் பக்கத்தாலதான் எடுப்பினம்."

இடப்பக்கம் முழுவதையும் மீண்டும் உரஞ்சி, வெள்ளி அடித்து, ஐந்து சிவப்பு, கிளியர். கதவை மட்டும் செய்தால் சேராது என்றார். ஆறு நாள் வேலை. திருமணத்துக்கு இருந்தது பதினொரு நாள். 2022 இன் நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பெயின்ற் விற்ற விலையை நான் சொல்லத் தேவையில்லை. கலந்து வைத்ததில் மிச்சமில்லாததால் கொழும்பிலிருந்து மீண்டும் எடுப்பித்து, பழைய தகட்டுத் துண்டுடன் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கலந்தார். தன் கூலியாக ஒரு சதமும் கேட்கவில்லை. கொடுத்தபோதும் வாங்கவில்லை. "கை நிப்பாட்டினது நான்தானே" என்றார்.

பத்திரிகையில் தவறு விட்டால் உட்பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் போடுவோம். தவறு யாருடையது என்று அதில் இராது. அன்றிரவு அண்ணருக்கு நான் அனுப்பிய செய்தியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்: "பெயின்ற் போதாமல் போயிற்று, விலையும் ஏறிப்போச்சு, இன்னும் 400 டொலர் தேவை." அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மறுநாளே அனுப்பினார். பொருட்செலவு அவ்வளவும் அதில்தான் போயிற்று. ஆறு நாள் உழைப்பைத் தம்பி இழந்தார். 400 டொலரை அண்ணர் இழந்தார். வாயைத் திறந்தவன் எதையும் இழக்கவில்லை.

இரண்டாம் முறை அடித்தபோது நான் அங்கே போகவில்லை. படலையோடு நின்று கொம்பிறசர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

திருமணம் நன்றாக நடந்தது. படங்கள் எல்லாம் இடப்பக்கத்தால்தான். மண்டப வாசலில் அண்ணர் காரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெடியன் விண்ணன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாழ்த்த வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது கார் மறுபடியும் கொட்டிலில் நிற்கிறது, பருத்தித் துணி போர்த்தியபடி. கான்டி நிறத்துக்கு வெயில்தான் அழகு, வெயில்தான் எதிரி, காலப்போக்கில் வெளிறிவிடும். நிறம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதைச் செய்வதற்காக ஆவணங்களை எடுத்தபோது, அப்பா பத்திரப்படுத்திய பெற்றோல் கூப்பன்களுடன், என் சட்டைப்பையிலிருந்து எப்போதோ அதற்குள் போன அந்தத் தகட்டுத் துண்டும் இருந்தது. ஆறு படிகளும் அப்படியே இருக்கின்றன. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள கோட்டை என் வெள்ளெழுத்துக் கண்ணாலும் பார்க்க முடிகிறது.

அண்ணர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். அண்ணா, பெயின்ற் போதாமல் போகவில்லை. அந்த 400 டொலரைத் தம்பியின் ஆறு நாள் கூலியாகக் கணக்கிட்டு அவரிடம் சேர்ப்பிக்கட்டுமா, அல்லது உங்களுக்கே அனுப்பட்டுமா? இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டியதென்றால் அதையும் எழுதுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, வங்கி திங்கள்தான் திறக்கும்.