வாடகைக்கு விட எதை வாங்கலாம்: ஃப்ளாட்டா, போர்ஷனா, கடையா?

எங்க அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமா வரும். "பேங்க்ல போட்டா கரைஞ்சிடும், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடு"ன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே பல்லவி. வீட்ல பி.காம் படிக்கிறவன் ஒருத்தன் இருக்கானேன்னு யாரும் கேக்கலை. நானே பேப்பர் பேனாவோட உக்காந்துட்டேன் :-)

ஒரு கணக்குக்கு, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் 50 லட்சம்னு வைங்க. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். ஆக 54.5 லட்சம். வாடகை மாசம் 14,000. ஆள் மாறும்போது வருஷத்துக்கு ஒரு மாசம் காலியா கிடக்கும், அதனால 11 மாசம்தான். 1,54,000. சொத்து வரி, பெயின்ட், குழாய் ரிப்பேர்னு 14,000 போகட்டும். மிச்சம் 1,40,000. அதாவது ரெண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல! சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல 2023 ஏப்ரல்ல வட்டி 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம்னு வச்சாங்க. பெயின்ட் அடிக்கற வேலையும் இல்லை.

பெரியப்பா பையன் லோன்ல வாங்கலாம்ங்கறார். 40 லட்சம், இருபது வருஷம், எட்டரை சதவீதம்னா மாசத் தவணை சுமார் 34,700. வாடகை 14,000. மீதிய யார் கட்டறது? அண்ணன்கிட்ட கேட்டேன், பேச்சை மாத்திட்டார்.

"இடம் விலை ஏறுமேப்பா"ங்கறது அடுத்த வாதம். ஏறும். ஆனா ஏறுறது மண்ணு, கட்டடம் இல்லை. கட்டடம் வருஷா வருஷம் தேயும். எங்க பாஷைல டிப்ரிஸியேஷன். அதனால ஃப்ளாட் வாங்கறவங்க சதுர அடியை விட்டுட்டு யு.டி.எஸ்.னு சொல்ற பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவுன்னு கேக்கணும். உயர உயரமா கட்டினா அந்தப் பங்கு சுருங்கும்.

அப்புறம், யாருக்கு வாடகைக்கு விடப்போறோம்? இதை யாருமே யோசிக்கறதில்லை. ஆவடில டேங்க் ஃபேக்டரி இருக்கேன்னு வீடு வாங்கறாங்க. அங்க நிரந்தர வேலைல இருக்கற நிறைய பேருக்கு குவார்ட்டர்ஸ் இருக்கு. 2024 நவம்பர்ல பட்டாபிராம்ல 21 மாடி டைடல் பார்க் திறந்தாங்க, அதை நம்பியும் விலை சொல்றாங்க. கம்பெனிகள் நிறையட்டும், அப்புறம் பாக்கலாம். பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் கிடையாது. அங்க ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்குப் போறவங்க, பக்கத்து மருத்துவக் கல்லூரிப் பசங்க, நர்ஸுங்க. இவங்களுக்கு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் எதுக்கு? ஒரு ரூம் போதும். அம்பத்தூர் எஸ்டேட்லயும் இதே கதைதான். ஒடிசா, பீகார் பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு போர்ஷன் எடுக்கறாங்க.

அதனால என் ஓட்டு போர்ஷன் வீட்டுக்கு. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. மேலயும் கீழயுமா நாலு போர்ஷன். எல்லாச் செலவும் சேர்த்து 65 லட்சம், போர்ஷனுக்கு 7,000னு வச்சா வருஷத்துக்கு 3,36,000. காலி, ரிப்பேர்னு 76,000 தள்ளினாலும் 2,60,000. நாலு சதவீதம். மண்ணு முழுக்க நம்மளுது. சேமிப்புத் திட்டத்துக்கு இதுவும் ஈடில்லைதான். ஆனா அந்த வட்டி ஏறாது, வாடகை ஏறும்.

தலைவலியும் நாலு மடங்கு, அதை மறைக்கலை. மோட்டார் யார் போடறது, வண்டி எங்க நிறுத்தறதுன்னு அப்பா தினம் பஞ்சாயத்து பண்ணணும். கரன்ட் விஷயத்துல ஒண்ணு. நிறைய ஓனர்ங்க உள் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வசூல் பண்றாங்க. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது குடியிருக்கறவனுக்குப் போய்ச் சேரலைன்னா அது திருட்டுதான். நாங்க அதைச் செய்யப்போறதில்லை.

கடை? வாடகை நல்லா வரும். காலியானா ஆறு மாசம் ஷட்டர் இறங்கியே கிடக்கும். மெட்ரோவுக்குத் தகரம் அடிச்சு மறைச்சப்போ ரோட்டோரக் கடைங்க பட்ட பாட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆனவருக்கு வேண்டாம்.

பேப்பர் விஷயம். 2014 ஜூன் 28ல மௌலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் ரெரா வந்துச்சு. ஆனா மனை 500 சதுர மீட்டருக்கு மேல போகாம இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல இல்லைன்னாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. ரெண்டு கிரவுண்டே 446 சதுர மீட்டர்தான்! நம்ம ஏரியாத் தெருக்கள்ல கட்டற குட்டி அப்பார்ட்மென்ட் முக்கால்வாசி இந்த ஓட்டைக்குள்ள போயிடும். ஆக பிளான் அப்ரூவல், வில்லங்கம், தாய்ப் பத்திரம் எல்லாம் நாமளேதான் வக்கீல் வச்சுப் பாக்கணும்.

இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் கொரட்டூர்ல ஒரு அரை கிரவுண்டு வீடு பாக்கப் போறோம். ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம். புரோக்கர் "தண்ணியே நிக்காது சார்"ங்கறார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எஸ்டேட் பட்டறைக்குள்ளயே தண்ணி புகுந்துச்சு, கொரட்டூர்லயும் தெருவெல்லாம் நின்னுச்சு. அதனால முதல்ல அந்தத் தெரு முனை மளிகைக் கடைக்காரர்கிட்ட போறோம், அந்த டிசம்பர்ல அரிசி மூட்டையை எந்த அலமாரில ஏத்தி வச்சீங்கன்னு கேக்க.