கடவுளுக்கு என்ன குரல்?

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைக் கண்ணால் படிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் நின்று பிள்ளை போடும் டிராம் கட்டணக் கணக்கு பிடிபடவில்லையா, இரண்டு வரி மேலே போய் மறுபடி படித்துக்கொள்ளலாம். பஸ் நெரிசலிலோ அடுப்படியிலோ இயர்போன் மாட்டியிருப்பவர் அப்படித் திரும்பிப் போவதில்லை. போன வரி போனதுதான். "போகவிடாம பார்த்துக்கறதுதான் என் வேலை" என்றார், சென்னையில் பழைய சிறுகதைகளை ஒலிநூலுக்காக வாசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஸ்டுடியோ என்பது ஒரு வீட்டு மாடியின் கடைசி அறை. சுவரெங்கும் ஃபோம் அட்டை, கதவுக்குக் கனத்த கம்பளி. பதிவு நடக்கும்போது ஃபேனும் ஏசியும் ஓடக்கூடாது. டீச்சர் வளையல்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டியிருந்தது பருத்திச் சேலை; பட்டு சரசரக்கும். காகிதமும் சத்தம் போடும் என்பதால் கதை டேப்லெட்டில் இருந்தது. பக்கத்தில் வெந்நீரும் நறுக்கிய பச்சை ஆப்பிளும். வாய் உலர்ந்தால் நாக்கு ஒட்டிப் பிரியும் ஓசையைக்கூட மைக் பிடித்துவிடும். ஆப்பிளின் புளிப்புக்கு அது அடங்கும்.

ஒலிப்பதிவு செய்யும் இளைஞர் முதலில் யாரும் பேசாத அறையைச் சற்று நேரம் பதிவு செய்துகொண்டார். "சும்மா இருக்கற ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு சார்" என்றார். இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிய இடங்களில் அதைத்தான் இட்டு நிரப்புவார். அங்கே முழு நிசப்தத்தை வைத்தால், போன் நின்றுபோனது என்று நினைத்துவிடுவார்களாம். ஒலிநூல் தளங்கள் கேட்கும் அளவும் கறாரானது: அறை இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும், குரலின் உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது.

எந்தக் கதையை வாசிப்பது என்பதில் சட்டமும் தலையிடுகிறது. இங்கே ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால்தான் பதிப்புரிமை விலகும். 1944-ல் மறைந்த கு.ப.ரா.வையும் 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனையும் தயக்கமில்லாமல் எடுக்கலாம். மௌனி மறைந்தது 1985-ல். அவருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

டீச்சரின் பிரதி முழுக்கக் கோடுகள். ஒற்றைக் கோடு சின்ன நிறுத்தம். இரட்டைக் கோடு மூச்சு. அணாக் கணக்கு வரும் இடத்தில் கோடுகள் நெருக்கமாக இருந்தன. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு, 1957-ல் புதுக்காசு வந்ததோடு விடைபெற்றது. சென்னையில் டிராம் 1953-லேயே நின்றுவிட்டது. "கதை நடுவுல அடிக்குறிப்பு சொல்ல முடியுமா? காலணாவுக்கு இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கறாரேன்னு குரல்ல தெரிஞ்சா போதும்" என்றார். வாசித்தார். ஒவ்வொரு தொகைக்கும் பிறகு கையிருப்பைத் தடவிப் பார்ப்பதுபோல் ஒரு தாமதம். அணா தெரியாதவருக்கும் பிள்ளையைத் தெரிந்துவிடும்.

அடுத்து, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக்கொண்டு கடவுள் வருகிறார். லேசாக எதிரொலி சேர்க்கலாமா என்று இளைஞர் கேட்டார். டீச்சர் மறுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி. அவர் யாருன்னு பிள்ளைக்கு இன்னும் தெரியாதே. தெருவுல வழி கேக்கற ஆளாத்தான் கேக்கணும். கடவுள் மாதிரி பேசிட்டா சிரிப்பு போயிடும்." நடிப்புக்கும் வாசிப்புக்கும் உள்ள எல்லை அங்கேதான் இருக்கிறது. நடிகர் பாத்திரமாகிவிடலாம், வாசிப்பவர் கதை சொல்பவரின் பக்கத்திலேயே நின்றாக வேண்டும்.

கவிதைக்குத் துணை அதிகம். 1917-ல் வெளிவந்த 'கண்ணன் பாட்டு'க்குப் பாரதி ராகம், தாளம், ரசம் எல்லாம் குறித்துவைத்தார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். பொருள் நழுவினால் பிடிக்க அங்கே இரண்டாவது ஆள் இருக்கிறார். சிறுகதையை வாசிப்பவருக்கு ராகக் குறிப்பும் இல்லை, பயன் சொல்ல ஆளும் இல்லை. ஒரு சொல்லையும் கூட்டாமல், அந்த இரண்டு பேரின் வேலையையும் ஒரே குரல் செய்ய வேண்டியிருக்கிறது. நிறுத்தம் ஒன்றுதான் கையிலிருக்கும் கருவி.

கூலியோ, வெட்டி ஒட்டி முடித்த நிமிடங்களுக்குத்தான். திருப்பித் திருப்பி வாசித்த வரிகள் அந்தக் கணக்கில் வராது.

கிளம்பும்போது, பலரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்களே, வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"கேக்கட்டுமே. நான் விட்ட இடைவெளி கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதானே? விடாமலே வாசிச்சிருந்தா சுருங்கறதுக்கே ஒண்ணும் இருக்காது" என்றார் டீச்சர்.